வளைவுக்கு அப்பால் கேட்காத சங்கு

பெண் பார்க்க வந்தவரிடம் விஜயா முதன்முதலாகக் கேட்டது, “அந்த அணை உடைஞ்சா தண்ணி எந்தப் பக்கமா போகும்?” என்றுதான்.

மலாக்காவில், காஜா பெராங்கில், அவள் தகப்பன் அப்பாசாமி வீட்டு முன்னறையில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கேசரித் தட்டை நீட்டிக்கொண்டிருந்த தாய் பூங்காவனத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. சம்பந்தம் பேச வந்திருந்த சாரதாம்பாள், மாப்பிள்ளையின் அக்காள், அதே ஊரில் செமாபோக்கில் குடியிருப்பவள், நல்ல நாளில் இதென்ன பேச்சு என்பதுபோலத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை கணேசமூர்த்தி மட்டும் சிரித்தான். கேலிச் சிரிப்பில்லை. தனக்குப் பிடித்த விஷயத்தை யாரோ தொட்டுவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது. வடக்கே, கோலாலம்பூரையும் தாண்டி, மலையடிவாரத்தில் உலு தெரான் என்ற இடத்தில் ஒரு நீர்மின் அணை. அங்கே மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளன்.

“உடையாதுங்க” என்றான்.

“உடையாதுன்னு சொல்றீங்க. உடைஞ்சா எந்தப் பக்கம்னுதானே கேட்டேன்?”

அவன் சிரிப்பை நிறுத்தி யோசித்தான். “ஆத்து வழியா கீழ்ப்பக்கம்தான் போகும். எங்க குவார்ட்டர்ஸ் கொஞ்சம் மேட்டுல இருக்கு. ஆனா அப்படி ஒண்ணு நடந்தா முதல்ல நனையறது எங்க வாசலாத்தான் இருக்கும்.”

விஜயாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறானே என்று நினைத்தாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. விஜயா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். காலையில் சைக்கிளை எடுத்தால் பண்டார் ஹிலிர் பக்கமாகப் போய் வேலையில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரின் பாதிக் குரல்களை மற்ற பாதியோடு இணைத்துவிடுவாள். வயர் எங்கே போகிறது, குரல் எப்படிப் போகிறது என்று மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டே இருந்ததில், அவளைக் கண்டாலே அவர் வேறு பக்கம் நடப்பார். வீட்டிலும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் நின்றால் மற்றவர்கள் வாளியைத் தேடுவார்கள். இவள் எங்கே நின்றது என்று தேடிப் போவாள்.

இப்போது அவளுக்கு அணை பிடித்துக்கொண்டது. மலாக்காவில் எஞ்சின் ஓட்டித்தான் மின்சாரம் எடுக்கிறார்கள், எண்ணெய் எரிகிறது, சரி. எரியாத தண்ணீரிலிருந்து விளக்கு எப்படி எரிகிறது? அவ்வளவு தண்ணீரைக் கட்டி வைத்துவிட்டு அதன் கீழே மனிதர்கள் எப்படித் தூங்குகிறார்கள்?

“நான் அந்த இடத்தைப் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் சொல்வேன்” என்றாள்.

“மாப்பிள்ளையைப் பார்த்தியா இல்லையா?” என்றாள் பூங்காவனம்.

“அவரைப் பார்த்தாச்சும்மா. அணையைத்தான் இன்னும் பார்க்கலை.”

பூங்காவனம் ஊர் சிரிக்கும் என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை இருக்கும் ஊருக்குப் பெண் போவதை எங்கே கண்டோம் என்றாள். அப்பாசாமி டவுன் பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக ஒரே சடக்கில், ஒரே ரோட்டில், போய்ப் போய் வந்தவர். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தபடி, “எனக்கும் லீவு இருக்கு” என்றார். அதோடு முடிவாகிவிட்டது. புறப்பட்ட காலையில், பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பில் கெபாயா உடுத்திய வயதான பெண்மணி ஒருத்தி வேலிக்கு மேலே எட்டி, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். “அணை பார்க்க” என்று விஜயா மலாயிலேயே சொன்னாள். அந்தப் பெண்மணி, சம்பந்தம் பேசப் போவதைத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்று சந்தேகமாகச் சிரித்தாள்.

தம்பின் வரைக்கும் பஸ், அப்புறம் ரயில், மறுபடியும் பஸ். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. அணையில் கணக்கு வேலை பார்க்கும் நடராஜன் என்பவரின் வீட்டில், அவர் மனைவி பிள்ளைகளோடு, தகப்பனும் மகளும் தங்கினார்கள்.

மறுநாள் கணேசமூர்த்தி அவர்களை அழைத்துக்கொண்டு போய் அணையின் மேல் நிறுத்தினான். ஒரு பக்கம் ஏரி, சத்தமே இல்லாமல், பச்சையாகக் கிடந்தது. ஓரத்தில் முங்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் செங்குத்தான பள்ளம். அடியில் ஆறு ஒல்லியாக, பாறைகளுக்கு நடுவே ஓடியது.

“மழை நெனச்சப்பத்தான் பெய்யும். விளக்கு எப்பவும் எரியணும். அதுக்குத்தான் இந்தத் தேக்கம்” என்றான். “மேல இருந்து குழாய்ல இறங்குற தண்ணி சக்கரத்தைச் சுத்தும். சுத்தி முடிச்சதும் ஆத்துக்கே போயிடும். நாங்க தண்ணியைச் செலவு பண்றதில்லை. அது விழற வேகத்தை மட்டும் எடுத்துக்கிறோம்.”

“விழற வேகம்” என்று விஜயா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அணையின் வயிற்றுக்குள் ஒரு சுரங்கப் பாதை இருந்தது. உள்ளே போனால் ஈரம். சுவரில் அங்கங்கே நீர் கசிந்து கீழே வெட்டிய வாய்க்காலில் ஓடியது. அப்பாசாமி இரண்டடி பின்வாங்கினார்.

“தம்பி, ஒழுகுதே!”

“ஒழுகாத அணை இல்லீங்க மாமா. எவ்வளவு ஒழுகுதுன்னு தினமும் அளக்கிறோம். தெளிவா வந்தா பயமில்லை. கலங்கலா வந்தாலோ, திடீர்னு கூடினாலோதான் தூக்கம் போயிடும்.”

விஜயா குனிந்து அந்த வாய்க்கால் நீரைக் கையில் அள்ளினாள். ஐஸ்போலக் குளிர்ந்தது, கை ரேகை தெரியுமளவுக்குத் தெளிவாக இருந்தது. அவளுடைய பயத்தில் பெரும்பங்கு அங்கேயே கழன்றது. ஆனால் கேள்வி தீரவில்லை. வெளியே வந்ததும் கீழே ஆற்றைப் பார்த்தபடி கேட்டாள்.

“அணை உடைய வேணாம். நீங்களே மதகைத் திறந்தா கீழ உள்ளவங்க என்ன பண்ணுவாங்க?”

“திறக்கிறதுக்கு முன்னாடி அபாயச் சங்கு ஊதுவோம். மூணு தடவை. ஆத்துல இருக்கிறவங்க கரையேற நேரம் விட்டுத்தான் திறப்போம். நாளைக்கே திறக்கணும். மேல மலையில நல்ல மழை, ஏரி ஏறிக்கிட்டு இருக்கு.”

“சங்கு எதுவரைக்கும் கேக்கும்?”

“தொங்கு பாலம் தாண்டியும் கேக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் இருக்கு, அதுவரைக்கும்.”

“நீங்க அங்க நின்னு கேட்டிருக்கீங்களா?”

அவன் தலையைச் சொறிந்தான். “சங்கு ஊதும்போது நான் இங்கதானே நிப்பேன்.”

“அப்ப நாளைக்கு நான் போய் நிக்கிறேன்” என்றாள் விஜயா. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே, “பாலத்து மேல நில்லுங்க. மணல்ல இறங்க வேணாம்” என்றான்.

அடுத்த நாள் காலை அப்பாவும் மகளும் ஆற்றோரமாக நடந்தார்கள். ஆறு ஒரு குன்றைச் சுற்றி வளைகிற இடத்தைத் தாண்டியதும் தொங்கு பாலம் வந்தது. கரைமேல் தோட்டத்தின் ரப்பர் ஆலை. உள்ளே உருளை மிஷின்கள் ரப்பர் பாளங்களைக் கடகடவென்று நசுக்கித் தள்ளின. பாலத்தின் பலகைகூட அதிர்ந்தது. கீழே ஆற்றுப் பாறைகளில் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நடு ஆற்றில், பெரிய தட்டைப் பாறை ஒன்றில், ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். கமலவேணி என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை பார்ப்பவள்.

விஜயா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாள் முழுக்கக் கரகரக்கும் லைன்களில் ஆள் குரலைப் பிரித்துக் கேட்டே பழகிய காது. ஆலைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

“இன்னும் ஊதலை போலருக்குப்பா.”

“ஊதுவாங்க” என்று அப்பாசாமி பீடியைப் பற்றவைத்தார்.

அவள் பார்வை சும்மா கீழே போனது. கரையோரத்தில் ஒரு கல்லின்மேல் யாரோ சவுக்காரக் கட்டியை வைத்திருந்தார்கள். சற்று முன்னால் அந்தக் கல்லைச் சுற்றி மணல்தான் இருந்தது. இப்போது தண்ணீர் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் கல்லின்மேல் ஏறி, சவுக்காரத்தை மெல்லத் தூக்கிக்கொண்டு போனது. மேலிருந்து சருகும் நுரையும் மிதந்து வரத் தொடங்கின. நீரின் நிறம் தேநீர்போல மாறியது.

“அப்பா! ஊதியாச்சு! நமக்குத்தான் கேக்கலை!”

அப்பாசாமி பீடியை எறிந்துவிட்டு, அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி இறங்கினாரோ, சரிவில் ஓடினார். இருவரும் கத்தியது ஆலைச் சத்தத்தில் கரைந்துபோனது. கையை வீசியதைப் பார்த்துத்தான் முதலில் ஒருத்தி நிமிர்ந்தாள். அப்புறம் எல்லாரும் துணியை வாரிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள். கமலவேணியும் எழுந்தாள். எழுந்தவள், துரை வீட்டு விரிப்புகளை விட்டுவிட்டுப் போனால் என்ன பேச்சு கேட்க வேண்டி வருமோ என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து மூட்டை கட்டினாள். அவள் நிமிர்ந்தபோது பாறைக்கும் கரைக்கும் நடுவே ஆறு வேறு ஆறாகியிருந்தது.

விஜயா ஆலையை நோக்கி ஓடினாள். ஆபீஸ் அறையில் கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் டெலிபோன்.

“யாரும்மா நீ? அது துரை மட்டும்...”

அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டாள். மறுமுனையில் பக்கத்துச் சின்ன டவுனின் ஆப்பரேட்டர், ஒரு பெண் குரல். விஜயா மலாயில் பேசினாள். “நான் மலாக்கா எக்ஸ்சேஞ்ச் ஆப்பரேட்டர். உலு தெரான் அணை வேணும், இப்பவே. ஒரு உயிர் தண்ணியில நிக்குது.”

“அந்த லைன்ல ஆள் பேசுறாங்க.”

“அந்த வயரை இழுத்துடு, அக்கா. ஆப்பரேட்டர் ஆப்பரேட்டர்கிட்ட கேக்கிறேன்.”

ஒரு சொடுக்கு. யாரோ கோபமாக ஏதோ சொன்னது பாதியில் அறுந்தது. அடுத்து மின்நிலையத்து ஆள் வந்தார். விஜயா சொன்ன முதல் வாக்கியத்திலேயே போனை வைக்காமல் கத்திக்கொண்டு ஓடினார். சிறிது நேரத்தில் மூச்சிரைக்கக் கணேசமூர்த்தியின் குரல்.

“மதகை மூடச் சொல்லிட்டேன். கதவு இறங்கிக்கிட்டு இருக்கு. ஆனா ஒண்ணு கேளுங்க. ஏற்கெனவே விட்ட தண்ணி வழியில இருக்கு. அது வந்தே தீரும். இன்னும் ஏறும். ஏறி, அப்புறம்தான் வடியும். பயந்து குதிச்சிட வேணாம்னு சொல்லுங்க.”

“சொன்னாலும் அவங்களுக்குக் கேக்காதே! இங்க மிஷின் சத்தம்...”

சொல்லும்போதே அவளுக்கு வழி புலப்பட்டது. போனை வைத்துவிட்டு, “மிஷினை நிறுத்துங்க” என்றாள். துரை உத்தரவு இல்லாமல் எப்படி என்று கிராணி இழுத்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆலை மண்டோர், தொழிலாளர் மேஸ்திரி, யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுவிட்சை இழுத்துவிட்டார்.

உருளைகள் உறுமி அடங்கின. திடீரென்று வந்த அமைதியில் ஆற்றின் இரைச்சல் முதல்முறையாகக் கேட்டது. அதற்கும் மேலே, எங்கோ தூரத்தில், குன்றுக்கு அந்தப் பக்கம், கொசு ரீங்காரம்போல மெலிந்து சங்குச் சத்தம். கணேசமூர்த்தி நிறுத்தாமல் ஊதச் சொல்லியிருந்தான்.

விஜயா கரைக்கு வந்து வாயருகே கைகளைக் குவித்தாள். “அக்கா! மதகை மூடியாச்சு! தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறும், அப்புறம் நின்னுடும்! குதிக்காதீங்க!”

கமலவேணிக்கு முழங்காலுக்கு மேல் நீர். மூட்டையை இன்னும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். “மூடியாச்சுங்கிற, ஏறுதே!” என்று அழுகைக்குரலில் கத்தினாள்.

“முன்னாடி விட்டது வருது! அதுதான் கடைசி! மூட்டையை விடுங்கக்கா!”

“துரையம்மா திட்டும்!”

“நான் பேசிக்கிறேன், விடுங்க!” என்றார் அப்பாசாமி. அவரும் ஆலை ஆட்களும் லோரியில் கிடந்த கயிற்றைக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவதை ஆறு இழுத்துக்கொண்டது. பாலத்தின்மேல் போய், மேலிருந்து மிதக்க விட்டபோதுதான் அது பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. கயிற்றைப் பிடிக்க அவள் மூட்டையை விட்டாள். வெள்ளை விரிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, விரிந்து, வளைந்து போயின. இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நீர் இடுப்புக்கு வந்தது. விலாவுக்கு வந்தது. விஜயா, அணையில் இருக்கும் ஒருவனின் வார்த்தையை நம்பி இன்னொரு உயிரைப் பாறையில் நிற்க வைத்திருக்கிறோமே என்று நினைத்தாள். அவன் கணக்குத் தப்பினால்?

தப்பவில்லை. நீர் விலாவிலேயே நின்றது. நின்று, வெகு நேரம் யோசிப்பதுபோலத் தயங்கி, பிறகு இடுப்பைக் காட்டியது.

கணேசமூர்த்தி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கமலவேணி கயிற்றைப் பிடித்துக் கரையேறி உட்கார்ந்து, யாரோ கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே ஜீப்பில் தலைமை இஞ்சினியர், ஒரு வெள்ளைக்காரர். அவர் யாரையும் திட்டவில்லை. ஆலையை மறுபடி ஓட்டச் சொன்னார், அணைக்குப் போன் செய்து சங்கு ஊதச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தின்மேல் அசையாமல் நின்றார். பிறகு தலையை ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

“இந்த மிஷின்கள் எப்போது வந்தன?” என்று கேட்டார்.

“உங்க கரண்டு வந்த பிறகு போட்டதுதான், சார்” என்றார் கிராணி. “முன்னே எல்லாம் கையால சுத்துற உருளைதானே. அப்ப சங்கு நல்லாக் கேக்கும்.”

இஞ்சினியர் ஆலையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். ஏரியை அதிக நேரம் அடைத்து வைக்க முடியாது. மேலே இருந்து வெள்ளம் வந்துகொண்டே இருந்தது. இரு கரையிலும் ஆள் அனுப்பி, ஆற்றில் யாருமில்லை என்று சொன்ன பிறகே மதகு மறுபடியும் திறந்தது. பிற்பகலில் விஜயா பாலத்தருகே கரைமேட்டில் நின்று பார்த்தாள். தட்டைப் பாறை இருந்த இடத்தில் ஒரு சுழிகூட இல்லை. காலையில் அவ்வளவு ஒல்லியாக இருந்த ஆறு இதுதானா என்று அவளால் நம்ப முடியவில்லை.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் அப்பாசாமி வேண்டுமென்றே வெற்றிலை வாங்கக் கடைக்குள் நுழைந்து வெகு நேரம் வெளியே வரவில்லை.

“சங்கு ஊதச் சொன்னது நான். திறக்கச் சொன்னதும் நான்” என்றான் கணேசமூர்த்தி. “கேக்குதுன்னு நெனச்சேன். நெனப்புலயே இருந்திருக்கேன். நீங்க வேணாம்னு சொன்னா எனக்கு வருத்தம் இல்லை...” உடனே திருத்திக்கொண்டான். “வருத்தம் இருக்கும். கோபம் இருக்காது.”

விஜயா வேறொன்றைக் கேட்டாள். “மதகை மூடினீங்களே, ஏரி ஏறியிருக்குமே. அப்ப பயந்தீங்களா?”

“பயந்தேன்.”

“எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?”

“கணக்குப்படி சொல்லலாம். ஆனா அந்த நேரத்துல கணக்கு ஞாபகம் வரலை. உங்க குரல்தான் காதுல இருந்தது.”

பஸ் வந்துவிட்டது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட பூங்காவனம், அந்த இடத்துக்கு மகளைக் கொடுப்பதில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். சாரதாம்பாள்கூடத் தன் தம்பிக்காகப் பேச வெட்கப்பட்டாள். ஒரு மாதம் போனது. ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் விஜயாவுக்கே ஓர் அழைப்பு வந்தது. வடக்கே அந்தச் சின்ன டவுனின் ஆப்பரேட்டர்தான். ஆலைக் கூரையில் இன்னொரு சங்கு வைத்துவிட்டார்களாம். மதகு திறக்கும் முன் ஆற்றோரத்தில் போன் இருக்கிற எல்லா இடத்துக்கும் அவள் போன் செய்து சொல்ல வேண்டுமாம், கரையில் ஆள் நடந்து பார்க்க வேண்டுமாம். “எனக்கு வேலை கூடிப்போச்சு, உன்னாலதான்” என்று சொல்லிவிட்டு, “இன்னொரு விஷயம். அணையில இருக்கிறவர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சங்கை ஊதச் சொல்லி, பாலத்துல வந்து நின்னு கேட்டுட்டுப் போறார்” என்றாள்.

அன்று சாயங்காலம் விஜயா தாயிடம் போய், “அம்மா, எனக்குச் சம்மதம்” என்றாள். பூங்காவனம் அழுதாள், கோபித்தாள், சாமி அறையில் போய் உட்கார்ந்தாள். கடைசியில் வெளியே வந்து, “வாசல்ல தண்ணி வந்தா என்ன பண்ணுவ?” என்று கேட்டாள்.

“அதையெல்லாம் அவரு அளக்கிறாரும்மா. அவரு கவனிக்காம விட்டதை நான் கேக்கிறேன்.”

தை மாதத்தில் மலாக்காவில் கல்யாணம் நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் குதித்தவள் கமலவேணி. தாலி கட்டி, சாப்பாடு முடிந்ததும், வந்தவர்களுக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று அப்பாசாமி எல்லாரையும் பண்டார் ஹிலிர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் கூடவே போனார்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. கரையெல்லாம் சேறு, அதில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின, சாய்ந்த படகுகள் நின்றன.

கமலவேணி முந்தானையைச் சொருகிக்கொண்டு அந்தச் சேற்றையே உற்றுப் பார்த்தாள். “இங்க தண்ணி இருந்த தடம் தெரியுதே. எங்க போச்சு?”

“சாயங்காலம் திரும்பி வந்துடும்” என்றாள் விஜயா.

“தினமுமா?”

“தினமும்.”

“இவ்வளவு தண்ணியையும் யாரு திறந்து மூடுறாங்க?”

விஜயா கணவனைப் பார்த்தாள். அவன் நிலா, இழுப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். கமலவேணி நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பகலில் ஏது நிலா என்று கேட்டாள். “தண்ணி வரும்போது பார்த்துட்டே போவோம்” என்று சொல்லிக் கமலவேணி கரைக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பட்டுப் புடவை அழுக்காகும் என்று யாரோ சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விஜயாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.